அக்காகிட்ட கேளுங்க: கஃப் கட்டவே விடல!

கேள்வி: நான் ஆம்புலன்ஸ்ல டெக்னீஷியனா இருக்கேன் அக்கா. போன மாசம் ஒரு ஆட்டிசம் பையன், 15 வயசு இருக்கும், மாடிப்படியில விழுந்து கை வீங்கிடுச்சு. இன்னொரு கையில பி.பி. பாக்கற பட்டையை, அதான் கஃப், கட்டப் போனா ஒரே கத்தல், என் கையைக் கடிச்சுட்டான். நாலு பேரா அமுக்கிப் புடிச்சுதான் ஏத்தினோம். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ட்ரெயினிங்ல இதப் பத்தி ஒண்ணுமே சொல்லித் தரல. என்ன பண்ணியிருக்கணும்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பயத்துல கடிச்சிருக்கான் தம்பி, அவ்வளவுதான். சைரன், சுத்துற லைட்டு, வாசல்ல கூட்டம், முன்ன பின்ன தெரியாத நாலு பேர் ஒரே நேரத்துல பேச்சு, வலி வேற, அதுக்கு மேல கையை இறுக்குற ஒரு பட்டை... நானா இருந்தா நானும் கடிச்சிருப்பேன். இனிமே தெருமுனையிலயே சைரனை அணைச்சுடுங்க, உள்ள ஒருத்தர் மட்டும் பேசுங்க, கஃப்பை முதல்ல அம்மா கையில கட்டிக் காட்டிட்டு அப்புறம் அவனைத் தொட்டுப் பாக்க விடுங்க. அடிபட்ட இடத்துக்கு எடுத்த எடுப்புல போகாம கால்லேருந்து மெதுவா மேல வாங்க. 'வலிக்குதா'ன்னு கேட்டா சில பிள்ளைங்க 'வலிக்குதா'ன்னே திருப்பிச் சொல்லும், அதை ஆமான்னும் எடுத்துக்கக் கூடாது, இல்லைன்னும் எடுத்துக்கக் கூடாது, வலிச்சா இவன் எப்படி இருப்பான்னு அம்மாகிட்டதான் கேக்கணும். அவங்களையும் வண்டியில ஏத்திக்கங்க. பையன் கையில கயிறோ பாட்டில் மூடியோ வச்சிருந்தா புடுங்காதீங்க.

குப்புறப் போட்டு முதுகுல அழுத்தறது மட்டும் வேணவே வேணாம், மூச்சு நின்னுடும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைன்னா கழுத்து ஜாக்கிரதை, சிலருக்கு மேல் ரெண்டு எலும்பு லூசா இருக்கும், தலையை வெடுக்குன்னு சாய்க்கக் கூடாது. (வலிப்புன்னா கையில சாவி குடுன்னு யாராவது கத்துவாங்க, அவங்களை வெளியே அனுப்பிடுங்க.)

சொல்லித் தராதது உங்க தப்பில்ல. டாக்டர், நர்ஸ், பாராமெடிக்கல்னு எல்லார் படிப்புலயும் மாற்றுத்திறன் பத்தின பாடம் இருக்கணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துல 47-வது பிரிவே இருக்கு. ஆனா பவர்பாயிண்ட் போட்டுக் காட்டினா மட்டும் இது வராதுங்கறது என் கட்சி. பக்கத்துல இருக்கற சிறப்புப் பள்ளிக்கு ஒருநாள் போங்க, பெர்மிஷன் கிடைச்சா வண்டியோடயே போங்க, பிள்ளைங்க ஸ்ட்ரெச்சர்ல ஏறி உக்காந்து பாக்கட்டும், கஃப்பை உங்க கையில அவங்க கட்டட்டும்.