வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மறக்க முடியாத பருவம் எது?

பதில்: காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதே மிகுந்த அந்த ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வந்த விந்தை ஒருபுறம் இருக்கட்டும். என் தேர்வு, லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் 2019ஆம் ஆண்டுப் பருவம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்புக் கிட்டாமல் இங்கு வந்து, 2018இல் 16 டச்டவுன் பாஸ்களை (சக ஆட்டக்காரர் எதிரணியின் எல்லைப்பகுதியில் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற வழிசெய்யும் எறிதல்களை) மட்டுமே வீசியிருந்த ஜோ பர்ரோ, மறுஆண்டு 60 வீசி, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதையும் வென்றார். அதற்குமுன் எட்டு முறை தொடர்ந்து தங்களைத் தோற்கடித்திருந்த அலபாமா பல்கலைக்கழக அணியை, அதன் சொந்த மைதானத்திலேயே 46–41 என லூசியானா அணியினர் வீழ்த்தியதுதான், என் பார்வையில், பருவத்தின் உச்சம். இறுதியாட்டத்தில் கிளெம்சன் பல்கலைக்கழக அணியை 42–25 என வென்று, ஆடிய 15 ஆட்டங்களிலும் தோல்வியின்றி முடித்தார்கள்.