ரெய்டு அமைக்க முழு டிஸ்க்கா, பார்ட்டிஷனா?

கேள்வி: வீட்டில் ஒரு லினக்ஸ் சர்வர் அமைக்கிறேன். நான்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகளை, லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஅட்ம் மூலம் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) ஆக்க வேண்டும். இரண்டு புதியவை, இரண்டு பழைய கணினியிலிருந்து கழற்றியவை. டிஸ்க்கை முழுதாக அப்படியே கொடுக்கலாமா, ஒவ்வொன்றிலும் பார்ட்டிஷன் (எல்லை வகுத்த பகுதி) போட்டுக் கொடுக்க வேண்டுமா? பார்ட்டிஷன் போட்டால் வேகம் குறையும் என்கிறார் நண்பர்.

பதில்: பார்ட்டிஷன் போடுங்கள். டிஸ்க்குக்கு ஒன்று போதும்.

முதலில் வேகம். நண்பர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. டிஸ்க்கின் இடம் செக்டார் எனப்படும் 512 பைட் துண்டுகளாக எண்ணப்படும்; அன்று முதல் பார்ட்டிஷன் 63வது செக்டாரில் தொடங்கும். உள்ளே 4,096 பைட் செக்டார் கொண்ட டிஸ்க்குகள் வந்தபோது அந்தத் தொடக்கம் செக்டார் எல்லையோடு பொருந்தாமல் எழுதும் வேகம் அடிவாங்கியது. இன்றைய கருவிகள் 2048வது செக்டாரில், அதாவது சரியாக 1 எம்பியில் தொடங்குகின்றன. இப்போது இரண்டு முறைக்கும் வேகத்தில் வித்தியாசம் கிடையாது.

உண்மையான பிரச்சினை வேறு. பார்ட்டிஷன் அட்டவணை இல்லாத டிஸ்க், ரெய்டைப் பற்றித் தெரியாத எந்த மென்பொருளுக்கும் காலி டிஸ்க்தான். எல்லைக்கல் இல்லாத நிலத்தைப் புறம்போக்கு என்று நினைப்பது போல. விண்டோஸ் கணினியில் மாட்டி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், டிஸ்க்கைத் தயார்செய்யட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால் ஜிபிடி என்ற வகைப் பார்ட்டிஷன் அட்டவணை எழுதப்பட்டுவிடும். அது எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். டிஸ்க்கின் முதல் 17 கேபி அதன் இடம். எம்டிஅட்ம் தன் குறிப்புகளை வைக்கும் சூப்பர்பிளாக், இயல்பான 1.2 வடிவத்தில், டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று! உங்கள் கோப்புகள் அதைத் தாண்டி உள்ளேதான் இருக்கும். ஆனால் அந்த டிஸ்க் எந்த ரெய்டைச் சேர்ந்தது, எத்தனையாவது உறுப்பு என்ற அடையாளம் அழிந்துவிடும்.

உங்கள் பழைய டிஸ்க்குகளை நினைத்தால்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஜிபிடி தன் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கும். முழு டிஸ்க்கை ரெய்டுக்குக் கொடுத்தபின்னும் அந்த நகல் அங்கேயே கிடக்கலாம். சில மதர்போர்டுகளில் உள்ள தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ, கணினி தொடங்கும்போது அதைப் பார்த்து, முன்பக்க அட்டவணை பழுதாகிவிட்டது என்று எண்ணி, நகலிலிருந்து தானே திருப்பி எழுதிவிடும். யாரும் எதையும் தொடாமலே, ஒரு ரீபூட்டில் சூப்பர்பிளாக் காணாமல் போகும். ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போனால் சமாளிக்கலாம். உங்களிடம் அப்படிப்பட்டவை இரண்டு இருக்கின்றன. அதனால் தேவையான கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றியபின், பார்ட்டிஷன் கருவியான எஸ்ஜிடிஸ்க்கின் ஜாப்-ஆல் வசதியால் இரண்டு முனைகளையும் துடைத்துவிட்டு, அப்புறம் புதிதாக ஜிபிடி போடுங்கள். பார்ட்டிஷன் வகையை லினக்ஸ் ரெய்டு என்று குறியுங்கள். எஸ்ஜிடிஸ்க்கின் இணைக் கருவியான ஜிடிஸ்க்கில் அந்த வகையின் குறியீடு எஃப்டி00.

பார்ட்டிஷனைக் கடைசி செக்டார் வரை இழுக்காமல், இறுதியில் 100 எம்பி விட்டுவிடுங்கள். நாளை ஒன்று பழுதாகி, வாங்கிவந்த மாற்று டிஸ்க் சில எம்பி சிறிதாக இருந்தால் ரெய்டு அதை ஏற்காது. இன்றைய 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் ஒரே அளவில், 7,814,037,168 செக்டார்களோடு வருகின்றன. ஆனாலும் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நீங்கள் இழப்பது நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு இடம். முழு டிஸ்க் முறையிலும் எம்டிஅட்மில் சைஸ் என்று அளவைக் குறைத்துக் கொடுக்கலாம்தான். ஆனால் அடையாளம் அழியும் ஆபத்து அதனால் நீங்காது.

முழு டிஸ்க் கொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: மாற்று டிஸ்க்கை நேராகச் சேர்த்துவிடலாம், பின்னாளில் பெரிய டிஸ்க்குகளுக்கு மாறும்போதும் ஒரு படி குறையும். வேறு எந்தக் கணினிக்கும் போகாத மெய்நிகர் டிஸ்க்குகளில் நானும் அப்படித்தான் செய்வேன். டிஸ்க்குகளைத் தானே இணைத்து நிர்வகிக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. லினக்ஸில் முழு டிஸ்க்கைக் கொடுத்தாலும் அது தானே ஜிபிடி போட்டு, கடைசியில் 8 எம்பி ஒதுக்கிக்கொள்கிறது.

இப்போதே முடிவெடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முழு டிஸ்க்கில் அமைத்துவிட்டுப் பிறகு பார்ட்டிஷனுக்கு மாறினால் பார்ட்டிஷன் சற்றுச் சிறியதாக இருக்கும். முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கி, பிறகு ரெய்டைச் சுருக்கி, ஒவ்வொரு டிஸ்க்காகக் கழற்றிச் சேர்க்க வேண்டும். ரெய்டு 5இல் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பின்றி மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் போட்டிருந்தால் நடைமுறையில் சுருக்கவே இயலாது.

மாற்று டிஸ்க் போடும் நாளில், நல்ல டிஸ்க்கின் அட்டவணையை எஸ்ஜிடிஸ்க் மூலம் புதியதற்கு நகலெடுக்கலாம். திசை மாறிவிட்டால் காலி அட்டவணை நல்ல டிஸ்க்கின் மேல் ஏறிவிடும், கவனம். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறலாம். சீரியல் எண்ணைப் பார்த்தே கட்டளை கொடுங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு டிஸ்க்கின் முன்பக்கமும் இன்றே ஒட்டிவிடுங்கள்.