சிறுவயதுக் கொடுமையும் ஓசிடியும்: யாரிடம் போய்ச் சொல்வது?

கும்பகோணம் பக்கம் கிராமம், சிறுவயதில் உறவுக்காரர் ஒருவரால் பட்டதிலிருந்து மீண்டு வருகிறேன், ஓசிடியும் பதற்றமும் விடமாட்டேன் என்கிறது, யாரிடம் உதவி கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கதையும் ஏறக்குறைய இதேதான். ஊர் மட்டும் மன்னார்குடிப் பக்கம்.

ஓசிடி என்றால், வேண்டாத பயமும் சந்தேகமும் திரும்பத் திரும்ப வந்து, கழுவு, சரிபார் என்று விரட்டுவது. நம் பக்கத்தில் அது வியாதி என்று சீக்கிரம் யாருக்கும் புரியாது. தோல் உரியக் கை கழுவினாலும் "சுத்தபத்தமான பொண்ணு" என்று மெச்சிக்கொள்வார்கள். முற்றிவிட்டால், மனநோய் தீரும் என்று நம்பி, குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். போகட்டும், சாமி கும்பிடுவதில் தப்பில்லை. மருத்துவரையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். மாத்திரைக்குக் காசு கிடையாது. ஓசிடி மாத்திரை வேலை செய்ய 8 முதல் 12 வாரம்கூட ஆகும், பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நேரில் போகக் கூச்சமா? 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் கூப்பிடலாம். செத்துவிடலாம் போலத் தோன்றினால் விடியும் வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

வீட்டில் யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்பதுதான் சிக்கலான விஷயம். பட்டதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும், "அப்பவே ஏன் சொல்லல?" என்று குடையக் கூடாது. ஓசிடி கேட்கும் கேள்விக்கோ பதிலே சொல்லக் கூடாது. என் சித்தி முதலாவதில் தங்கம். இரண்டாவதைக் கவுன்சலர் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ராத்திரி நான் "கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சா சித்தி?" என்று திரும்பத் திரும்பக் கேட்பேன். "போட்டாச்சுடி, தூங்கு" என்பாள். அடுத்த நிமிஷம் மறுபடி சந்தேகம். அப்புறம்தான் "இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்டி, பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தில் தலையணையைத் தூக்கி எறிந்தேன். அவள் நகரவில்லை. பதற்றம் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கியது.

பயத்தைத் தாங்கிக்கொண்டு, சரிபார்க்காமலும் கழுவாமலும் இருந்து பழகும் இந்தச் சிகிச்சைக்கு இ.ஆர்.பி. என்று பெயர். உங்களுக்கு நடந்ததை, சொல்ல முடிகிற அளவுக்காவது, சிகிச்சை தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயிற்சி என்றால் உங்களைக் கெடுத்தவன் எதிரில் போய் நிற்பது என்று அர்த்தமில்லை. அந்த ஆள் வருகிற கல்யாணம், காதுகுத்துக்கு நான் இன்றும் போவதில்லை. அது ஓசிடியில் சேராது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.