சர்வீஸ்காரர் போட்டுவிட்டுப் போன ஒரு டிக்: ரான்சம்வேர் வருமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஜிஎஸ்டி, வருமான வரி தாக்கல் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். ஐந்து கம்ப்யூட்டர்கள். டேலி கணக்கு டேட்டா முழுவதும் விண்டோஸ் 7 போட்ட பழைய சிஸ்டத்தில் இருக்கிறது; மற்ற நான்கிலும் அதை ஷேர் செய்து பயன்படுத்துகிறோம். சமீபத்தில் விண்டோஸ் 11 உள்ள புது சிஸ்டம் ஒன்று வாங்கினோம். அதில் பழைய சிஸ்டம் தெரியவே இல்லை, ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேனும் வரவில்லை. பொள்ளாச்சியிலிருந்து வரும் சர்வீஸ் தம்பி 'எஸ்எம்பி 1' என்று எதையோ டிக் செய்தார், எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன், "அத்தை, அதை முதல்ல எடுங்க, ரான்சம்வேர் வரும், ஃபைலையெல்லாம் பூட்டிட்டுப் பணம் கேட்கும்" என்கிறான். சர்வீஸ் தம்பியோ, "பயமா இருந்தா 18,000 ரூபாய்க்கு ஆன்டி ரான்சம்வேர் பேக்கேஜ் போட்டுக்கலாம் மேடம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அண்ணன் மகன் சொல்வதைக் கேளுங்கள். அந்த டிக்கை இன்றைக்கே எடுத்துவிடலாம். 18,000 ரூபாயை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதைவிடக் குறைவான செலவில் உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எஸ்எம்பி என்பது ஒரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை இன்னொன்றிலிருந்து திறப்பதற்கான பேச்சு முறை. அதன் முதல் வடிவம் 1983இல் ஐபிஎம்மில் உருவானது. கேபிளில் போகிறவற்றை யாரும் ஒட்டுக்கேட்கலாம், நடுவில் புகுந்து மாற்றலாம் என்ற கவலையெல்லாம் இல்லாத காலத்தில் எழுதியது. மைக்ரோசாஃப்ட்டில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல், 2016ஆம் ஆண்டிலேயே "எஸ்எம்பி 1ஐப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்" என்று வெளிப்படையாக எழுதினார். 2017 இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு தொடங்கி, புதிதாக நிறுவும்போது அது ஆனாகி வருவதைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். அதாவது, தயாரித்த கம்பெனியே கழற்றி வைத்ததை உங்கள் சர்வீஸ் தம்பி திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஏன் கழற்றினார்கள் என்பதற்குப் பதில் 2017 மே 12இல் கிடைத்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ கையில் வைத்திருந்த எஸ்எம்பி 1 ஓட்டை ஒன்று ஏப்ரலில் வெளியே கசிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தது. யாரும் மெயிலைத் திறக்க வேண்டியதில்லை, எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை. எஸ்எம்பி 1 திறந்திருக்கும் சிஸ்டத்தின் 445 என்ற போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) எட்ட முடிந்தால் போதும், உள்ளே நுழைந்து, ஃபைல்களைப் பூட்டி, 300 டாலர் பிட்காயின் கேட்டுவிட்டு, அடுத்த சிஸ்டத்தைத் தேடிப் போகும். சுமார் 150 நாடுகளில் இந்தக் கூத்து நடந்தது. அதில் பாலக்காடும் உண்டு: தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மாட்டின. வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகம் மாட்டியது. ஆந்திரத்தில் பல மாவட்டங்களின் போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டின, சித்தூர் உட்பட (உங்கள் தாலுகா சித்தூர் அல்ல, அந்தச் சித்தூர்). இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகப் பலர் போடவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: எல்லோரும் விண்டோஸ் எக்ஸ்பியைத்தான் திட்டினார்கள். ஆனால் அப்போது அதிகம் அடிபட்டது விண்டோஸ் 7. உங்கள் டேலி உட்கார்ந்திருக்கும் அதே விண்டோஸ் 7.

சரி, டிக் போட்டதால் நாளைக் காலையே வான்னாக்ரை வந்துவிடுமா? அப்டேட் ஒழுங்காகப் போகும் விண்டோஸ் 11இல் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை அடைபட்டுவிட்டது. உங்கள் அண்ணன் மகன் அந்த அளவுக்குப் பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் பழைய பேச்சு முறையைத் திறந்து வைத்தால், அதற்குப் பின் வந்த பாதுகாப்புகள் எல்லாவற்றையும் நீங்களே விலக்கி வைத்ததாக ஆகிவிடும். இனி ஒரு புது ஓட்டை வெளியே வந்தால் முதலில் விழுவதும் அந்த சிஸ்டம்தான்.

இப்போது என்னை எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 7 சிஸ்டத்தைப் பார்க்க எஸ்எம்பி 1 தேவையே இல்லை. விண்டோஸ் 7க்கு அடுத்த வடிவமான எஸ்எம்பி 2 தெரியும். விண்டோஸ் 11க்கும் தெரியும். இரண்டும் அதிலேயே பேசிக்கொள்ளும். பிறகு ஏன் தெரியவில்லை? பொதுவாகக் காரணம் இரண்டு. ஒன்று, 'நெட்வொர்க்' ஐகானைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வருமே, அந்தப் பழைய பட்டியல் எஸ்எம்பி 1ஐ நம்பி ஓடியது. அது போனதும் பட்டியல் காலியாகிவிட்டது. சிஸ்டம் எங்கும் போகவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\ போட்டு, இடைவெளி விடாமல் பழைய சிஸ்டத்தின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள், திறக்கும். ஒரு முறை திறந்ததும் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுத்துவிட்டால் அப்புறம் தேடவே வேண்டாம். இரண்டாவது காரணம், பாஸ்வேர்டு இல்லாத ஷேர். 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று திறந்து போட்டுவிட்டுப் போவது நம் பக்கத்து சர்வீஸ்காரர்களின் தேசிய வழக்கம். புது விண்டோஸ் 11 அப்படி ஆள் அடையாளம் கேட்காத ஷேரைப் பெரும்பாலும் ஏற்க மறுக்கும். பழைய சிஸ்டத்தில் ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அந்தப் பெயருக்கு மட்டும் ஷேர் கொடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

டிக்கை எடுக்க, ஸ்டார்ட் மெனுவில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்று தேடித் திறங்கள். வரும் பட்டியலில் 'எஸ்எம்பி 1.0' என்று தொடங்கும் வரி இருக்கும். அதை எடுத்துவிட்டு ஓகே, பிறகு ரீஸ்டார்ட். ஐந்து சிஸ்டங்களிலும் பாருங்கள். ஒன்றில் போட்டவர் மற்றவற்றில் போட்டிருக்க மாட்டார் என்று நம்ப எனக்குக் காரணம் ஏதுமில்லை. விண்டோஸ் 7இல் இந்தப் பட்டியலில் அது இருக்காது, வேறு வழியில் நிறுத்த வேண்டும். அதை அண்ணன் மகனிடம் விட்டுவிடுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

மீதி இருப்பது ஜெராக்ஸ் மெஷின். இதுதான் உண்மையிலேயே சிக்கலானது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த எஸ்எம்பி 1 வரியை விரித்தால் உள்ளே மூன்று சின்ன டிக் இருக்கும்: தானாக நீக்குவது, கிளையன்ட், சர்வர். நம் சிஸ்டம் போய் வேறொரு பழைய பெட்டியைத் திறப்பதற்குக் கிளையன்ட் போதும். ஆனால் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து உங்கள் ஃபோல்டருக்குள் போடும்போது, மெஷின்தான் வெளியிலிருந்து வந்து தட்டுகிறது, உங்கள் சிஸ்டம் திறந்துவிடுகிறது. அதற்கு 'சர்வர்' டிக் வேண்டும். வான்னாக்ரை நுழைந்ததும் அந்தப் பக்கம்தான். 'ஸ்கேனுக்கு மட்டும்தானே' என்று போடும் டிக்தான் மூன்றிலும் மோசமானது. முதல் டிக்கும் ஒரு வேடிக்கை: மொத்தம் 15 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் விண்டோஸே எஸ்எம்பி 1ஐக் கழற்றிவிடும். பிறகு ஒருநாள் ஸ்கேன் வராது, தம்பியைக் கூப்பிடுவீர்கள், அவர் திரும்ப டிக் போட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார்.

நம் ஊர்ப் பக்கம் அலுவலகங்களில் நிற்கும் பெரிய ஜெராக்ஸ் மெஷின்களில் நிறைய, எங்கோ ஒரு நாட்டில் பல வருடம் ஓடி, ரீகண்டிஷன் ஆகி வந்தவை. பல மெஷின்களுக்கு எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாது. உங்களுடையது எது என்று பார்க்க, மெஷினின் நெட்வொர்க் செட்டிங்கில் எஸ்எம்பி பதிப்பு என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களுக்குக் கம்பெனி ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் கொடுத்திருக்கும், போட்டால் எஸ்எம்பி 2 வந்துவிடும். இதைக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிடம் கேளுங்கள். விற்ற டீலரிடம் கேட்டால் 'மெஷின் பழசு மேடம், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு தர்றேன்' என்பார்.

அப்டேட் இல்லையா? ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும் வசதி இருக்கும், ஆனால் பழைய மெஷின்கள் ஜிமெயிலுடன் ஒத்துப்போகாமல் அடம்பிடிக்கும். எஃப்டிபி என்று இன்னொரு வழி உண்டு. அதுவும் பழைய சரக்குதான், அதை அமைக்கத் திரும்ப அதே தம்பியைக் கூப்பிட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் பென்டிரைவ். பெரும்பாலான மெஷின்களில் முன்பக்கம் யூஎஸ்பி ஸ்லாட் இருக்கிறது. ஒரு பென்டிரைவை மெஷினுக்கென்றே ஒதுக்கி, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் செருகக் கூடாது, வேலை முடிந்ததும் அதில் உள்ள ஆதார், பான் ஸ்கேன்களை அழித்துவிட வேண்டும். நாலு எட்டு நடந்து எடுத்து வர வேண்டியிருக்கும், பணியாளர்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். ஒரு நாளைக்கு நூறு ஸ்கேன் போகிறது, முடியவே முடியாது என்றால், ஒரு பழைய சிஸ்டத்தை ஸ்கேனுக்கு மட்டும் வையுங்கள். அதையும் மெஷினையும் ஒரு தனிச் சின்ன சுவிட்சில் இணைத்து, இன்டர்நெட்டும் மற்ற சிஸ்டங்களும் அதன் பக்கமே வராமல் செய்ய வேண்டும். 'தனியா வச்சாச்சு' என்று சொல்லிவிட்டு அதே ரூட்டரில் கேபிளைச் செருகிவிட்டுப் போவார்கள். கேபிள் எங்கே போகிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

இனி அந்த 18,000 ரூபாய். இன்று சிறிய அலுவலகங்களில் ரான்சம்வேர் பெரும்பாலும் எஸ்எம்பி 1 வழியாக வருவதில்லை. போலி இன்வாய்ஸ் மெயிலில் வருகிறது. லைசென்ஸ் வாங்காமலே ஓட வைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸ், ஆபீஸோடு வருகிறது. வீட்டிலிருந்து டேலி பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை ரூட்டரில் திறந்து வைத்தால் அதன் வழியே வருகிறது. உள்ளே வந்ததும், நீங்கள் எழுதக்கூடிய ஷேர் ஃபோல்டர் எதுவானாலும் பூட்டிவிடும். புதிய வடிவமான எஸ்எம்பி 3ஆக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. உங்கள் அலுவலகத்தில் ஆன்டிவைரஸை நிறுத்தி ஆக்டிவேட்டர் ஓட்டியவர், ஃபயர்வாலை ஆஃப் செய்தவர், 'ஸ்லோ ஆகுது' என்று விண்டோஸ் அப்டேட்டை முடக்கியவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். அதே ஆள்தான் பேக்கேஜும் விற்கிறார் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். விண்டோஸ் 11இலேயே உள்ள டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை யாரும் தொடாமல் விட்டாலே உங்களைப் போன்ற அலுவலகத்துக்குப் போதும்.

அந்தப் பணத்தில் இரண்டு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். தினமும் மாலை டேலியிலேயே உள்ள பேக்கப் வசதியில் ஒன்றில் எடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். மறுநாள் மற்றொன்றில். எப்போதும் ஒரு டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். செருகியபடியே இருக்கும் டிஸ்க் பேக்கப் அல்ல; பூட்டுகிறவன் அதையும் சேர்த்தே பூட்டுவான். மாதம் ஒரு முறை அதிலிருந்து ரீஸ்டோர் செய்து கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் எடுப்பவர்கள் உண்டு, ரீஸ்டோர் செய்து பார்ப்பவர்கள் அபூர்வம்.

அப்படியும் ஒருநாள் ஃபைல்கள் பூட்டிக்கொண்டால், முதலில் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். 'டேட்டா ரெக்கவரி' என்று கோவையிலோ கொச்சியிலோ யாராவது, 'எங்களிடம் கீ இருக்கிறது, பணம் கட்ட வேண்டாம்' என்று லட்சத்தில் பேசுவார்கள். சிலர் செய்வது, குற்றவாளியிடமே பேரம் பேசி, பணம் கட்டி, மேலே தங்கள் பங்கை வைத்து உங்களிடம் வாங்குவது. அதற்கு முன் 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தைப் பாருங்கள். நெதர்லாந்து காவல் துறையும் யூரோபோலும் 2016இல் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கியது, சில வகைகளுக்குச் சாவி அங்கே இலவசம்.

புகாருக்குத் தேசிய சைபர் கிரைம் தளமும் பாலக்காட்டு சைபர் காவல் நிலையமும் இருக்கின்றன. 1930 என்ற ஹெல்ப்லைனுக்கு அடித்தால் 'எவ்வளவு பணம் போச்சு' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்த எண்ணே பண மோசடிக்காகத்தான் முக்கியமாக ஏற்படுத்தியது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவில், இதுபோன்ற தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் சர்வீஸ் தம்பி பொள்ளாச்சியிலிருந்து வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம். ஆனாலும் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். தாக்கல் தேதி தவறி அபராதம் வந்தால் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

விண்டோஸ் 7 சிஸ்டத்துக்கு 2020 ஜனவரி 14ஓடு அப்டேட் நின்றுவிட்டது. டேலி டேட்டாவைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுங்கள், அடுத்த தாக்கல் சீசனுக்கு முன்பே. மாற்றும்போது பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும், அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் பான், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி லாகின் எல்லாம் அதில்தான் இருக்கிறது.