நோட்டீஸ் வரவில்லை, பில் மட்டும் கூடிவிட்டது: பதில்

விலை உயர்வு பற்றி முன்னறிவிப்பே இல்லாமல் மின் பில் கூடியது என்கிறீர்கள். முதலில், போன பில்லையும் இதையும் பக்கத்தில் வைத்து யூனிட் விலை, நிலைக்கட்டணம் (எவ்வளவு பயன்படுத்தினாலும் மாறாத தொகை), எத்தனை நாளுக்கான பில் என்று பாருங்கள். நாள் மட்டும் கூடியிருந்தால் அது விலை உயர்வே அல்ல.

விலை மாறியிருந்தால் அமலான தேதிதான் முக்கியம். 60 நாளில் 400 யூனிட், 41ஆம் நாள் முதல் புது விலை என்று வைத்துக்கொள்வோம். இடையில் மீட்டர் ரீடிங் எடுக்காவிட்டால் பொதுவாக நாள் விகிதப்படி (60 நாளில் கடைசி 20 நாள்) சுமார் 133 யூனிட்டுக்குத்தான் புது விலை வரும். 400க்கும் போட்டிருந்தால் விடாதீர்கள், மின் நிறுவனத்திடம் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். நோட்டீஸ் எந்தத் தேதியில் எந்த முகவரிக்குப் போனது என்று நகலும் கேளுங்கள். பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கலாம், ஸ்பாமிலும் தேடுங்கள். அடுத்த முறை விலை மாறும் நாளில் மீட்டரைத் தேதியோடு படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.