நோன்புப் பெருநாள் தேதியை ஏன் கடைசி இரவு வரை உறுதியாகச் சொல்ல முடிவதில்லை? அணியில் விடுப்பை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் ஷிஃப்ட் போடும் பொறுப்பில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அணியில் சில முஸ்லிம்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் "நாளைக்கா, நாளை மறுநாளா" என்று கடைசி இரவு வரை இழுக்கிறது, அதனால் அட்டவணை குலைகிறது. இந்த அளவில் கேள்வி நியாயமானது. ஆனால் விளக்கத்தில் "சந்திரனுக்கு ராக்கெட் விடும் காலத்தில் இதைக்கூட முன்னாடியே சொல்லத் தெரியாதா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது உறுத்துகிறது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் தெரியும். அமாவாசை எந்த நொடியில் நிகழும் என்று பல நூறு ஆண்டுகளுக்குக் கணித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இஸ்லாமிய மாதம் அமாவாசையில் பிறப்பதில்லை. அமாவாசைக்குப் பிறகு, சூரியன் மறைந்ததும், மேற்கு அடிவானத்தில் முதல் கீற்று கண்ணில் படும்போது பிறக்கிறது. "பிறை பார்த்து நோன்பு வையுங்கள், பிறை பார்த்து நோன்பை விடுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள்" என்பது நபிமொழி. மேகம் மறைத்தால் என்ன செய்வது என்பது வரை விதியிலேயே இருக்கிறது. ஆகவே இதைத் திட்டமில்லாத் தனம் என்று சொல்வது சரியல்ல.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அதனால் மாதம் 29 நாளாக இருக்கும், இல்லையென்றால் 30. இருபத்தெட்டும் கிடையாது, முப்பத்தொன்றும் கிடையாது. ஒரு ஊரில் ஒரு முடிவைப் பின்பற்றும் மக்களுக்கு எந்த மாதத்திலும் சந்தேகத்தின் அகலம் ஒரே ஒரு நாள்தான். 29-ஆம் நாள் மாலை, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகை நேரத்தில் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

அந்த மாலையில் வானத்தில் நடப்பது இதுதான். சந்திரன் சூரியனை விட்டு ஒரு நாளைக்குச் சுமார் 12 டிகிரி விலகுகிறது, அதாவது மணிக்கு அரை டிகிரி. இரண்டுக்கும் இடையே சுமார் 7 டிகிரி விலகல் வரும்வரை பிறை என்ற கீற்றே கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கி வைத்துக்கொண்டாலும் பயனில்லை. அமாவாசை முடிந்து 15 மணி நேரத்துக்குள் வெறுங்கண்ணால் பார்த்ததற்கு நம்பகமான பதிவுகள் மிக அரிது. 20 மணி நேரம் தாண்டினால் நல்ல வாய்ப்பு உண்டு. அதோடு சூரியன் மறைந்த பின் சந்திரன் அடிவானத்துக்கு மேலே போதுமான நேரம் நிற்க வேண்டும். அரை மணி நேரத்துக்கும் குறைவாக நின்றால் மிகவும் கடினம், ஏனென்றால் அந்தி வெளிச்சம் மங்குவதற்குள் அது இறங்கிவிடும். பார்க்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, தலையை மிக உயர்த்திப் பார்ப்பது. தலைப்பிறை தாழ்வாக, சூரியன் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். முடி போல மெல்லிய வளைவு, அதன் வயிற்றுப் பக்கம் சூரியன் போன திசையை நோக்கியிருக்கும். முனைகள் சூரியன் பக்கம் திரும்பியிருப்பதாகத் தோன்றினால் நீங்கள் பார்த்தது மேகத் துணுக்கு அல்லது விமானப் புகை. சூரியன் முழுதாக மறையும் முன்பு அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

அப்படியானால் நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகிறது? ஒவ்வோர் இடத்திலும் "மாதம் பிறந்தது" என்பதற்கான அளவுகோல் வேறு. சிலர் உள்ளூர் அடிவானத்தில் கண்ணால் பார்த்ததை மட்டுமே ஏற்பார்கள். சவூதி அரேபியாவின் உம்முல் குரா நாட்காட்டி, மக்காவில் சூரியன் மறைவதற்குள் அமாவாசை கடந்து, சூரியனுக்குப் பிறகு சந்திரன் மறைந்தால் போதும் என்று கணக்கிடுகிறது. ஆனாலும் நோன்பு மாதமான ரமலான், அதற்கு அடுத்த ஷவ்வால், ஹஜ் மாதமான துல்ஹஜ் ஆகியவற்றுக்கு அங்கே சாட்சியத்தின் அடிப்படையில் நீதிமன்றம் அறிவிக்கிறது. இந்தோனேசியா, மலேசியா, புரூனே, சிங்கப்பூர் நான்கும் சந்திரன் 3 டிகிரி உயரத்திலும் சூரியனிலிருந்து 6.4 டிகிரி விலகியும் இருக்க வேண்டும் என்ற பொது அளவை வைத்திருக்கின்றன. துருக்கியில் உலகில் எங்காவது பிறை தெரியும் நிலை வந்துவிடுமா என்று கணக்கிட்டு வெகுகாலம் முன்பே அச்சடித்துவிடுகிறார்கள்.

2025 மார்ச் 29-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பகுதிச் சூரிய கிரகணம். சூரிய கிரகணம் என்றாலே அமாவாசை அந்த நேரத்தில்தான் என்று பொருள். அன்று மாலை மக்காவில் சூரியன் மறையும்போது அமாவாசை முடிந்து ஐந்து மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. சவூதியில் பிறை அறிவிக்கப்பட்டு 30-ஆம் தேதி பெருநாள். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் ஓமானிலும் 31-ஆம் தேதி. எது சரி என்ற வாதத்தைப் பின்னூட்டத்தில் தொடங்கிவிடாதீர்கள். எந்தத் தரப்பையும் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. சிரியாவில் ஒரு நாள் முன்பே பிறை பார்த்துவிட்டார்கள் என்று குரைப் என்பவர் வந்து மதீனாவில் சொன்னபோது, நாங்கள் பார்த்ததன்படியே தொடர்வோம் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்ன செய்தி சஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. முதல் தலைமுறையிலேயே இருந்த வேறுபாடு இது. உங்கள் அணியில் இரண்டு பேர் இரண்டு நாளில் பெருநாள் கொண்டாடினால் இரண்டு பேரும் தங்கள் விதிப்படிதான் நடக்கிறார்கள்.

இனி விடுப்புக்கு வருவோம். இரண்டு பெருநாளையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம். நோன்புப் பெருநாள் ஷவ்வால் 1. மாதத்தின் முதல் நாளே பெருநாள் என்பதால் முந்தின இரவுதான் உறுதியாகும், ஒரே இரவு அவகாசம். ஹஜ்ஜுப் பெருநாள் (பக்ரீத்) துல்ஹஜ் 10. துல்ஹஜ் பிறை தெரிந்த அன்றே பெருநாள் தேதி முடிவாகிவிடுகிறது, ஒன்பது நாளுக்கு மேல் கையில் இருக்கும். ஆக, கடைசி இரவுச் சிக்கல் வருடத்துக்கு ஒரே ஒரு விடுப்புக்குத்தான். அந்த ஒன்றுக்கு அடுத்தடுத்த இரண்டு தேதிகளையும் முன்கூட்டியே குறித்துவையுங்கள், ஒன்றை உறுதி, மற்றதைக் காத்திருப்பு என்று வைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு ஒரு குறுஞ்செய்தியில் முடிவு செய்யலாம். எந்த அறிவிப்பைப் பின்பற்றுகிறார் என்பதை அவரிடமே கேளுங்கள். கைப்பேசிச் செயலியை நம்பி முடிவு செய்யாதீர்கள். அவற்றில் பல 30 வருடச் சுழற்சிக் கணக்கில் ஓடுபவை: ஒற்றைப்படை மாதம் 30, இரட்டைப்படை மாதம் 29, சுழற்சியின் 30 வருடங்களில் 11-இல் மட்டும் தலா ஒரு நாள் கூடுதல். நாகரிகமான கணக்குதான், ஆனால் வானத்துக்கும் அதற்கும் ஒரு நாள் வித்தியாசம் சாதாரணமாக வரும். செயலியின் செட்டிங்ஸில் ஹிஜ்ரி தேதியை, அதாவது இஸ்லாமியத் தேதியை, ஒரு நாள் கூட்டவோ குறைக்கவோ இடம் வைத்திருப்பது அதற்காகத்தான்.

அடுத்த வருடத் தேதிக்கு உத்தேசக் கணக்கு எளிது. சந்திர வருடம் 354 அல்லது 355 நாள், எனவே இந்த வருடத் தேதியிலிருந்து 10 முதல் 12 நாள் வரை, பெரும்பாலும் 11 நாளை, கழித்தால் போதும். வேறு சந்திர நாட்காட்டிகளில் அதிக மாதம் சேர்த்துப் பருவத்தோடு ஒட்டவைப்பார்கள். யூத நாட்காட்டியில் 19 வருடத்துக்கு 7 மாதம் அப்படிச் சேர்கிறது. இஸ்லாத்தில் அந்த வழக்கத்தைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் தடுத்துவிட்டது. அதனால்தான் ரமலான் ஏறத்தாழ 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவருகிறது. கோடையின் நீண்ட பகலும் குளிர்காலத்தின் குறுகிய பகலும் எல்லா நிலத்தவருக்கும் மாறி மாறிக் கிடைக்கின்றன.

அதிகம் பேர் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது, முஸ்லிம்களும் தவறுகிறார்கள். இஸ்லாமிய நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. இரவு முதலில், பகல் பிறகு. "ரமலான் 27-ஆம் இரவு" என்றால் 26-ஆம் நோன்பு திறந்த பிறகு வரும் இரவு. நாட்காட்டியில் 27 என்று போட்டிருக்கும் கட்டத்தைப் பார்த்து, அன்றைய பகல் முடிந்து வரும் இரவில் விழித்தால் அது 28-ஆம் இரவு. ரமலானுக்கு முந்தின மாதமான ஷஅபானின் 15-ஆம் இரவும் அப்படியே, 14-ஆம் பகல் முடிந்ததும் வருகிறது. இரவுப்பணி ஒதுக்குபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லைலத்துல் கத்ர் என்ற ரமலானின் மிகச் சிறப்பான இரவை 21, 23, 25, 27, 29 ஆகிய ஒற்றைப்படை இரவுகளில் தேடச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆகவே ஓர் இரவு மட்டும் விடுப்புக் கொடுத்து முடித்துவிட முடியாது. ரமலானின் கடைசிப் பத்து நாளில் முடிந்தவரை பகல் ஷிஃப்ட் போட்டுக்கொடுத்தால் பெரிய உபகாரம்.

பெருநாள் காலைக்கு அரை நாள் விடுப்புப் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொழுகை சூரியன் உதித்துச் சுமார் 15, 20 நிமிடத்திலிருந்து உச்சிக்கு முன்புவரை. நோன்புப் பெருநாளில் சற்றுத் தாமதித்தும் ஹஜ்ஜுப் பெருநாளில் சீக்கிரமும் தொழுவார்கள். காரணம் உண்டு. நோன்புப் பெருநாளில் தொழுகைக்குப் போவதற்கு முன்பே ஃபித்ரா தர்மம் ஏழையின் கையில் சேர வேண்டும்: குடும்பத்தில் தலைக்கு ஒரு ஸாஉ, அதாவது இரண்டு கை நிறைய நான்கு முறை அள்ளும் அளவு. தானியத்தைப் பொறுத்து எடை இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வரை வரும். பிறை தெரிந்த இரவுதான் எல்லாரும் இதற்காக ஓடுவது. இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபி வழியில் ரமலான் தொடக்கத்திலிருந்தே கொடுக்கலாம் என்றிருந்தும், கடைசி இரவுக்குத் தள்ளிப்போட்டு, தொழுகை முடிந்த பின் கொடுத்து, அதைச் சாதாரணத் தர்மமாக்கிவிடுகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் வேலையே தொழுகைக்குப் பிறகுதான் ஆரம்பம். தொழுகைக்கு முன் அறுத்தது குர்பானி, அதாவது பெருநாள் பலி, ஆகாது. அறுத்து, பங்கிட்டு, உறவுக்கும் ஏழைக்கும் சேர்க்க மாலை ஆகிவிடும். அரை நாள் போதாது. குர்பானி நேரம் துல்ஹஜ் 12-ஆம் நாள் சூரியன் மறையும்வரை என்பது பெரும்பாலோர் கருத்து, ஷாஃபி வழியில் 13 வரை. முதல் நாள் விடுப்புக் கிடைக்காதவருக்கு அடுத்த நாளில் கொடுங்கள், வீணாகாது.

இதைப் படிக்கும் முஸ்லிம்களான நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெருநாள் தொழுகைக்குப் பாங்கு என்ற அழைப்பும் இல்லை, தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் இல்லை, குத்பா என்ற உரை பிறகு. ஹனஃபி என்ற இன்னொரு சட்ட வழியின் இமாமுக்குப் பின்னால் நின்றால் இரண்டாம் ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) கூடுதலான மூன்று தக்பீரும் ("அல்லாஹு அக்பர்" என்பதும்) ஓதி முடித்த பிறகு வரும். பழக்கத்தில் முதல் தக்பீருக்கே ருகூஉக்குக் குனிந்துவிடுகிறார்கள், நான்காவது தக்பீரில்தான் குனிய வேண்டும். ஷாஃபி வழியில் முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து, இரண்டும் ஓதுவதற்கு முன்பு. அரஃபா நாள் (துல்ஹஜ் 9) அதிகாலைத் தொழுகையான சுபுஹிலிருந்து 13-ஆம் நாள் பிற்பகல் தொழுகையான அஸர் வரை 23 தொழுகைகளுக்குப் பின் தக்பீர் சொல்வதையும் இரண்டாம் நாளோடு விட்டுவிடாதீர்கள். மாதந்தோறும் 13, 14, 15 நோன்பு வைப்பவர்கள் துல்ஹஜ் 13-ஐ விட்டுவிட வேண்டும், அன்று நோன்பு கூடாது. ரமலானில் நாடு மாறிப் பயணம் செய்து 28 நோன்பிலேயே பெருநாள் வந்துவிட்டால், போன ஊரோடு பெருநாள் கொண்டாடிவிட்டுப் பிறகு ஒரு நோன்பை நிறைவு செய்யுங்கள்.

நபியின் விண்ணேற்ற இரவான மிஃராஜ், ஷஅபான் 15-ஆம் இரவான பராஅத், நபியின் பிறந்த நாளான மீலாது ஆகியவற்றைச் சிறப்பாகக் கடைப்பிடிப்பவர்களும் உண்டு, கூடாது என்பவர்களும் உண்டு. அந்த வாதம் இங்கே வேண்டாம். விரும்பிக் கேட்பவருக்கு விடுப்புக் கொடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வருடாவருடம் மனதைப் புண்படுத்துவது இது. இஸ்லாமிய வருடத்தின் முதல் மாதமான முஹர்ரம் வந்ததும் அலுவலகக் குழுக்களில் பூங்கொத்துப் படத்தோடு "இனிய முஹர்ரம் வாழ்த்துகள்" வருகிறது. முஹர்ரம் 10, ஆஷூரா. ஹிஜ்ரி 61-இல், அதாவது 680-இல், நபியின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள். ஷியாக்களுக்கு அது துக்க நாள், கறுப்பு உடுத்தி அழும் நாள். சுன்னிகளுக்கு மூசா நபி காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாக 9, 10 ஆகிய இரண்டு நாள் நோன்பு வைக்கும் நேரம், பண்டிகை அல்ல. தாய் தந்தையின் நினைவு நாளில் ஒருவருக்கு வாழ்த்து அட்டை கொடுப்போமா? மனிதவளத் துறைப் பட்டியலில் "பண்டிகை" என்ற தலைப்பின் கீழ் இந்த நாளைப் போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

பட்டியல் என்றதும் இன்னொன்று. 2030-இல் ரமலான் இரண்டு முறை தொடங்குகிறது, ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, டிசம்பர் கடைசி வாரத்தில் ஒன்று. 2033-இல் நோன்புப் பெருநாளே ஜனவரி தொடக்கத்திலும் டிசம்பர் பிற்பகுதியிலுமாக இரண்டு. உங்கள் வருடாந்திர விடுப்புப் படிவத்தில் அந்தப் பெருநாளுக்கு ஒரு வரிதான் இருக்கும், அந்த வருடம் இரண்டு வரி போடுங்கள்.