கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன செய்வது?

இடம் உறுதியாகிவிட்டது, வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் எந்தப் பாடப்புத்தகத்தைப் படிக்கத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்த்துகள். எதையும் படிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நான் படித்துப் பார்த்தவன். இடம் கிடைத்த வாரமே சீனியர் ஒருவரிடம் உடற்கூறியல் புத்தகத்தை இரவல் வாங்கி, மாட்டின் முன்னங்கால் எலும்புகளை வரிசையாக மனப்பாடம் செய்தேன். முதல் செய்முறை வகுப்பில் பேராசிரியர் ஒரு தோள்பட்டை எலும்பைக் கையில் கொடுத்து, "இது இடதா, வலதா?" என்று கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தேனே தவிர வாய் திறக்கவில்லை. படித்ததெல்லாம் படத்தில் இருந்த எலும்பு. அதைத் திருப்ப முடியாதே. அந்த இரண்டு மாதத்தில் ஒரு மாட்டைக்கூட நான் தொட்டிருக்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு வருத்தம்.

சரி, வேலைக்கு வருவோம். அனுமதிக் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். கட்டணம் கட்டவும் சான்றிதழ் கொடுக்கவும் கடைசி நாள் எது என்று பார்த்து எழுதி வையுங்கள். வேறு நாட்டுக்குப் போய்ப் படிக்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பட்டத்தை வைத்து உங்கள் நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்ய முடியுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல அது.

அடுத்தது தடுப்பூசி. இதைத் தள்ளிப் போடாதீர்கள். ரேபிஸ் நோய்க்கு அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதனால் நாய் கடிக்கும் முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி நமக்குத் தேவை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதை இரண்டு தவணையாகக் குறைத்தது: முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. சில கல்லூரிகள் பழைய முறைப்படி மூன்றாவது ஊசியும் கேட்கும். அது 21 அல்லது 28-ஆம் நாள் போடுவது. எனவே வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஊசி போட்டாயிற்று என்று கடியை அலட்சியம் செய்யவும் கூடாது. கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், மறுபடி இரண்டு ஊசி போட வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமாவோ முடி, தூசி ஒவ்வாமையோ இருந்தால் இப்போதே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் ஒரு கண்ணாடியும் வாங்கிக்கொள்ளுங்கள்; உடற்கூறியல் கூடத்தில் உடல்கள் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் வாடையில் கண் எரியும் எரிச்சல் போதும், லென்ஸ் வேறு வேண்டாம்.

இதெல்லாம் ஒரு வாரத்து வேலை. மிச்ச நாளை எங்கே செலவழிப்பது? மாட்டுப் பண்ணையோ, கால்நடை மருத்துவமனையோ, குதிரை லாயமோ, எது கிடைக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். சாணி அள்ளச் சொன்னால் அள்ளுங்கள். நோயுற்ற மாட்டைத் தேடாதீர்கள், அது பின்னால் நிறைய வரும். நல்லாயிருக்கும் மாடு எப்படி இருக்கும் என்று பாருங்கள். படுத்திருக்கும் மாடு பின்னங்காலை முதலில் ஊன்றி எழும். குதிரை முன்னங்காலை ஊன்றி எழும். ஆரோக்கியமான மாடு எழுந்ததும் முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கும், மூக்கு நுனி ஈரமாக இருக்கும். இடது பக்கத்தில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருங்கள். ரூமன் என்னும் பெரிய வயிறு உள்ளே புரண்டு, உங்கள் கையை மெல்ல வெளியே தள்ளும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை வர வேண்டும். ஐம்பது மாட்டில் இதைத் தொட்டு உணர்ந்தவருக்கு, ஐம்பத்தோராவது மாட்டில் அது வராதபோது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெப்பநிலையும் அப்படித்தான். 38.5 டிகிரி என்றால் நமக்குக் காய்ச்சல். மாட்டுக்கு அது சாதாரணம்.

(தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைக்கும்போது அதில் நூல் கட்டி, மறுமுனையைக் கிளிப் போட்டு வால் முடியில் மாட்டிவிடுங்கள். நூல் கட்டாத தெர்மாமீட்டரை மாடு உள்ளே இழுத்துக்கொண்ட அன்று நான் பட்ட பாடு தனிக்கதை.)

விலங்குகளின் பக்கத்தில் எப்படிப் போவது என்பதைப் பண்ணையில் வேலை செய்பவரிடம் கேளுங்கள். குதிரைக்கு நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரிய மாட்டார், அங்கிருந்து திடீரென்று தொட்டால் உதைதான். மாடு பக்கவாட்டிலும் காலை வீசி உதைக்கும், ஆகவே பக்கத்தில் நிற்கிறோம் என்று அசட்டையாக இருக்கக் கூடாது. கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளங்கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நான் சுற்றினேன். ஒரு கன்றுக்குட்டி, சின்னதுதான், மிரண்டு ஓடியதில் பத்தடி தரையில் இழுபட்டுப் போனேன். உள்ளங்கைத் தோல் உரிந்து, இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கன்றுகளைத் தொட்ட கையைக் கழுவாமல் எதுவும் சாப்பிடக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி கன்றுகளிடமிருந்து கால்நடை மருத்துவ மாணவர்களுக்குத் தொற்றி வயிற்றுப்போக்கு வருவது உலகெங்கும் நடப்பதுதான்.

சாமான்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலுக்குச் சரியாகப் பொருந்தும் கம்பூட்ஸ் மட்டும் இப்போதே வாங்குங்கள். ஸ்டெதஸ்கோப், டிசெக்‌ஷன் கிட், புத்தகம் எல்லாம் சீனியர்களைக் கேட்ட பிறகு.

எதையாவது படித்தே தீருவேன் என்றால் கலைச்சொற்களின் வேர்களைப் பாருங்கள். 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி; 'மாஸ்ட்' என்றால் மடி. மாஸ்டைட்டிஸ் என்றால் மடிநோய். இப்படி நூறு வேர் தெரிந்தால் முதல் வருடம் பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று. இடம் கிடைத்த செய்தி பரவியதும் தெரிந்தவர்கள் எல்லாம் உங்களை டாக்டராக்கிவிடுவார்கள். "பூனைக்கு உடம்பு சுடுகிறது, பாராசிட்டமால் கொடுக்கலாமா?" என்று ஒரு அத்தை எனக்கு முதல் மாதமே போன் செய்தார். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சரிவரக் கழிக்க முடியாது. ஒரு மாத்திரைகூட அதைக் கொன்றுவிடலாம். அன்று எனக்கு இது தெரியாது. "தெரியாது, மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொன்னதால் பூனை தப்பியது. பட்டம் வாங்கிப் பதிவு செய்யும் வரை நீங்களும் அதையே சொல்லுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் இன்றே தொடங்கலாம். பின்னந்தொடையின் உட்புறம் விரல் நுனிகளை லேசாக வைத்தால் நாடி தட்டுப்படும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நடுவில் அது திரும்பி உங்கள் முகத்தை நக்கும், எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.